கணக்கில் வராத படகுகள்: வரலாற்றுக் கடற்போர் ஆட்டங்கள் இனிச் செல்ல வேண்டிய திசை

கணினியில் ஆடப்படும் ஓர் ஆட்டத்தைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுத முற்படுபவன் முதலில் அதற்கான நியாயத்தைக் கூறக் கடமைப்பட்டுள்ளான். நம் மத்தியில் இவ்வாட்டங்கள் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஆட்டம் என்பது சிறுபிள்ளைத்தனம், மாணவனின் நேரத்தைத் தின்னும் நோய் என்பது ஒன்று. ஆட்டம் என்பது வெறும் பொழுதுபோக்கு, அதற்குள் வரலாற்றையும் வர்க்கத்தையும் தேடுவது வீண்வேலை என்பது மற்றொன்று. முன்னதை விரிவுரையாளர் சிலரிடமும் பின்னதை விடுதி அறைகளிலும் கேட்கலாம். ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் இவ்விரு கருத்துகளும் வந்து சேரும் இடம் ஒன்றே. ஆட்டத்தை ஆராய வேண்டியதில்லை என்பதே அவ்விடம். இக்கட்டுரை அம்முடிவை மறுக்கிறது.

மறுப்பதற்குக் காரணம் உண்டு. நாவலையும் திரைப்படத்தையும் அவற்றின் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கக் கற்றுத்தந்த ஒரு விமரிசன மரபின் வாரிசுகள் நாம். ஆயின் எமது வயதினருட் பலர் இருபதாம் நூற்றாண்டின் போர்களை நூலகத்தில் அறிந்ததிலும் கூடுதலாகத் திரையின் முன் அமர்ந்தே அறிந்துள்ளனர். நாவலுக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடும் உண்டு. நாவலை வாசிப்பவன் பிறர் செயலைக் காண்கிறான். ஆடுபவனோ தானே செயற்படுகிறான். பிறர் செயலின் நியாயத்தை ஐயுறுவது எளிது. தான் செய்ததன் நியாயத்தை மனிதன் அத்துணை எளிதில் ஐயுறுவதில்லை. எனவே ஆட்டம் எதனை எண்ணுகிறது, எதனை எண்ணாது விடுகிறது என்ற வினா சிறுபிள்ளை வினா அன்று.

தொடரும் அதன் சாதனையும்

‘ரூல் த வேவ்ஸ்’ என்னும் ஆட்டத் தொடரை இங்கு எடுத்துக்கொள்கிறேன். 2015இல் வெளிவந்த அதன் முதல் ஆட்டம் 1900 முதல் 1925 வரையான காலத்தைத் தன் எல்லையாகக் கொண்டது. 2019இல் வந்த இரண்டாவது ஆட்டம் அவ்வெல்லையை 1955 வரை நீட்டி, போர் விமானத்தையும் விமானந்தாங்கிக் கப்பலையும் உட்சேர்த்தது. 2023இல் வந்த மூன்றாவது ஒருபுறம் 1890 வரை பின்சென்று, மறுபுறம் 1970 வரை முன்சென்று, ஏவுகணை யுகத்தையும் தழுவிக்கொண்டது.

இத்தொடரில் ஆடுபவன் ஒரு கப்பலின் தலைவன் அல்லன்; ஒரு தேசத்தின் கடற்படை முழுவதையும் நடத்துபவன். மாதம் மாதமாக ஆட்டம் நகர்கிறது. பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்சு, ருஷ்யா, அமெரிக்கா, யப்பான், இத்தாலி முதலிய வல்லரசுகளுள் ஒன்றைத் தெரிந்து, அதற்குரிய கப்பல்களை அவன் வரைகிறான். கவசம் எத்தனை அங்குலம், பீரங்கி எத்தனை, வேகம் எவ்வளவு என்பனவற்றைத் தானே முடிவுசெய்கிறான். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தேயாக வேண்டும். கண்ணைக் கவரும் காட்சிகள் இங்கு இல்லை. அட்டவணைகளும் எண்களுமே நிறைந்து கிடக்கின்றன. இருந்தும் விடியும்வரை மனிதனைக் கட்டி வைக்கும் ஆற்றல் இதற்குண்டு. என் அனுபவம் அது.

இத்தொடரின் சாதனையைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது. நாடுகளுக்கிடையே பதற்றம் ஏறினால் கடற்படைக்குக் கிடைக்கும் பணமும் ஏறும் என்பது இதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆகவே ஆடுபவன், தான் சமாதானப் பிரியனாக இருந்தபோதிலும், அரசுக்கு ஆலோசனை கூற வேண்டிய தருணங்களில் சண்டைக்கு இழுக்கும் விடையையே தேடத் தொடங்குகிறான். இது கற்பனையன்று. 1889இல் பிரித்தானியா நிறைவேற்றிய கடற்படைப் பாதுகாப்புச் சட்டமும், 1898இலும் 1900இலும் தீர்ப்பிட்ஸ் கொணர்ந்த ஜேர்மன் கடற்படைச் சட்டங்களும் ஒன்றையொன்று வளர்த்த வகை இதுவே. 1909இல் பிரித்தானியாவில் எழுந்த பீதியின் விளைவாக, நான்காகத் தொடங்கிய அவ்வாண்டின் பெருங்கப்பல் தொகை எட்டாக உயர்ந்தது. அச்சமே பணமாகும் இப்பொருளாதாரத்தைப் பல பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கியும் உணர்த்த முடியாத விதத்தில் இவ்வாட்டம் உணர்த்திவிடுகிறது.

சாதனை இத்துணைப் பெரிதென்பதனாலேயே இதன் எதிர்காலம் பற்றி வாதிட வேண்டியிருக்கிறது. பயனற்ற ஒன்றைத் திருத்துமாறு எவரும் கேட்பதில்லை.

இத்தொடர் இனி எவ்வாறு வளரவேண்டும் என்று ஆட்டப் பிரியரிடம் கேட்டால் கிடைக்கும் விடைகள் ஒரே அச்சில் வார்த்தவை. ஆண்டுகளை இன்னும் நீட்டுக, நாடுகளைக் கூட்டுக, ஏவுகணைகளை நுணுக்கமாக்குக, கப்பல்களை முப்பரிமாணத்தில் காட்டுக. இதுவரையான மூன்று ஆட்டங்களும் முதன்மையாக இந்த நீட்சிப் பாதையிலேயே நடந்துள்ளன. இருபத்தைந்து ஆண்டுகள் ஐம்பத்தைந்தாகி, பின்னர் எண்பதாயின. இவ்வளர்ச்சி அகலத்தின் வளர்ச்சியேயன்றி ஆழத்தின் வளர்ச்சியன்று. காலத்தை நீட்டுவதால் மட்டும் வரலாறு கூடுவதில்லை. காரணங்களைக் கூட்டும்போதே வரலாறு கூடுகிறது. இதுவே என் வாதம்.

ஆட்டம் அப்பாவியன்று

ஆட்டத்திடம் இத்துணை எதிர்பார்ப்பது மிகையன்றோ என்று கேட்பவர்க்கு ஒரு சிறு வரலாற்றை நினைவூட்ட வேண்டும். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் 1887ஆம் ஆண்டு முதலே போர் ஆட்டம் பயிற்சியின் ஓர் அங்கமாயிற்று. உலகப் போர்க்கப்பல்களைத் தொகுத்து 1898இல் பிரெட் ஜேன் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், அவர் வகுத்த கடற்போர் ஆட்டத்தோடு இணைந்து பிறந்தது. அந்நூலே பின்னர் கடற்படைகள் பலவற்றின் மேசையில் இடம்பிடித்தது. வரவேற்பறைக்கும் போர்த் திணைக்களத்துக்கும் இடையேயுள்ள சுவர் நாம் நினைக்குமளவு தடித்ததன்று.

1942 மே மாதத்தில் ‘யமாட்டோ’ கப்பலில் யப்பானிய அதிகாரிகள் மிட்வே தாக்குதலை ஆட்டமாக ஆடிப் பார்த்தனர். எதிரி விமானங்களின் குண்டுகள் யப்பானிய விமானந்தாங்கிகளைத் தாக்கியதாக ஆட்டத்தில் விழுந்த முடிவை, நடுவராயிருந்த உகாகி குறைத்துத் திருத்தினார். மூழ்கிய கப்பல் ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. அடுத்த மாதம் மிட்வேயில் யப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மெய்யாகவே மூழ்கின. அவற்றை மிதக்கவைக்க நடுவர் எவரும் இருக்கவில்லை. விரும்பாத ஒன்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு ஆடும் ஆட்டம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நமது தொடர் கணக்கிலிருந்து நீக்கியிருப்பது குண்டுகளையன்று; மனிதரை.

கப்பலின் அடித்தட்டு

முதலாவதாகக் கப்பலின் உள்ளே நோக்குவோம். ஆட்டத்தில் ஒரு போர்க்கப்பல் என்பது உருக்கும் பீரங்கியும் இயந்திரமும். அதிலுள்ள மனிதர் பயிற்சித்தரமாக மட்டுமே தென்படுவர். ஆனால் இத்தொடர் தழுவும் எண்பது ஆண்டுகளில் கடற்படைகளின் விதியைத் தீர்மானித்த நிகழ்ச்சிகள் பல கப்பலின் அடித்தட்டிலேயே பிறந்தன.

1905 யூனில் புழு நெளிந்த இறைச்சியை உண்ண மறுத்த மாலுமிகளால் ‘பொட்டெம்கின்’ கப்பல் அதிகாரிகளின் கையை விட்டுப் போயிற்று. 1910இல் பிரேசில் இங்கிலாந்தில் கட்டுவித்துப் பெற்ற ‘மினாஸ் ஜெரைஸ்’ அன்று உலகின் மிக வலிய போர்க்கப்பல்களுள் ஒன்று. பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டு அதில் இருந்தன. அடிமைமுறை 1888இல் ஒழிக்கப்பட்ட அந்நாட்டின் கடற்படையில் மாலுமிகளுக்குக் கசையடி ஒழிக்கப்படவில்லை. மாலுமிகளுட் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1910 நவெம்பர் 22இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஜொவாவ் கண்டிடோ என்ற மாலுமியின் தலைமையில் அப்பெருங்கப்பல்களின் பீரங்கிகள் தலைநகராகிய ரியோவை நோக்கித் திரும்பின. அவர்கள் கேட்டது ஆட்சியையன்று. கசையடி நிற்க வேண்டும் என்பதையே. அரசு இணங்கியது, மன்னிப்பும் வழங்கியது. பின்னர் சொல்லை மீறிக் கைது செய்தது. கண்டிடோவுடன் ஒரு நிலவறையில் அடைக்கப்பட்ட பதினெண்மருள் பதினாறு பேர் மாண்டனர்.

1918 ஒக்டோபர் இறுதியில், தோல்வி உறுதியாகிவிட்ட வேளையில், ஜேர்மன் தளபதிகள் தம் கப்பற்றொகுதியை இறுதிப் போருக்கு அனுப்ப முனைந்தபோது கொதிகலன்களின் நெருப்பை அணைத்தவர்கள் மாலுமிகளே. அந்நெருப்பு அணைந்த சில நாட்களுள் கீல் நகரம் எழுந்தது. நவெம்பர் 9இல் மன்னர் முடி துறந்தார். 1931 செப்டெம்பரில் பிரித்தானியாவின் இன்வர்கோர்டனில் சம்பளவெட்டை எதிர்த்து மாலுமிகள் கப்பலை நகர்த்த மறுத்தனர்; சில நாட்களுள் பவுண் நாணயம் தங்க நியமத்தைக் கைவிட்டது. 1946 பெப்ரவரி 18இல் பம்பாயின் ‘தல்வார்’ தளத்தில் கெட்ட உணவையும் நிறவெறி வசைகளையும் எதிர்த்து எழுந்த கிளர்ச்சி 78 கப்பல்களுக்கும் இருபதினாயிரம் மாலுமிகளுக்கும் பரவியது. அவர்களுக்கு ஆதரவாக வீதியில் இறங்கிய பம்பாய் மக்களுள் இருநூறுக்கு மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தனர்.

கவசத்தின் தடிப்பை அரை அங்குல நுணுக்கத்தில் கணிக்கும் ஆட்டத்திற்கு ஒரு மாலுமியின் உணவுத் தட்டைக் கணிப்பது கடினமா? ‘மினாஸ் ஜெரைஸ்’ கப்பலின் கவசத்தை எதிரியின் குண்டு துளைக்கவில்லை. ஒரு மனிதனின் முதுகில் விழுந்த கசையே அதனை அரசின் கையிலிருந்து பறித்தது. இதனை எண்ணாத ஆட்டம் கடற்படை வரலாற்றின் ஆட்டமாகாது. கப்பல் கட்டும் முற்றத்தின் விலைப்பட்டியலே ஆகும்.

கட்டப்படாதவை

இரண்டாவதாகப் பணத்தை நோக்குவோம். மாதந்தோறும் ஒரு தொகை ஆடுபவனின் முன் வந்து விழுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பது அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையுமில்லை.

ஓர் இரவு நான் யப்பானை ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் ஆண்டு 1918. இரு பெருங்கப்பல்களுக்குக் கட்டளையிட்டுவிட்டு, அதிகாலை மூன்று மணிக்கு மிகுந்த மனநிறைவோடு உறங்கினேன். மறுநாள் வகுப்புக்காக வாசிக்க வேண்டியிருந்தது அதே 1918ஆம் ஆண்டு யப்பானின் அரிசிக் கலகங்கள் பற்றிய ஒரு கட்டுரை. அவ்வாண்டு யூலையில் தொயாமா மாகாணத்து உவோசு என்னும் கரையோர ஊரில், விலை ஏறிக்கொண்டிருந்த அரிசி வெளியூருக்கு ஏற்றப்படுவதைக் கண்டு, மீனவக் குடும்பப் பெண்கள் அதனைக் கப்பலில் ஏற்றவிடாது தடுத்தனர். அங்கு தொடங்கிய கலகம் நாடெங்கும் பரவிப் படையினரை அழைக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது. செப்டெம்பரில் தெராவுச்சி அமைச்சரவை பதவி விலகிற்று. நூலை மூடிவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். முன்னிரவில் யப்பானை நடத்தியவன் நான். அப்பெண்கள் என் திரையின் எம்மூலையிலும் இல்லை. பிற்பகல் நண்பனிடம் இதனைக் கூறியபோது, அமைதியின்மை கூடினால் எண் ஒன்று ஏறும், பார்த்துக்கொள்ளலாம் என்றான். நானும் முதல் நாள் வரை அவ்வாறே கூறியிருப்பேன். என்னை எழுதத் தூண்டியது அவ்விடையே.

யப்பானின் கதை அத்துடன் முடியவில்லை. எட்டுப் போர்க்கப்பலும் எட்டுப் போர்க் குறூசரும் கொண்ட பெருந்தொகுதி என்ற கனவு, 1921 அளவில் அரச செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கடற்படைக்கே ஈர்த்தது. அத்திட்டத்திற்காக வாதாடிய கடற்படை அமைச்சர் கத்தோ தொமோசபுரோவே வாஷிங்டன் மாநாட்டுக்குச் சென்று, 5:5:3 என்ற விகிதத்தை ஏற்றுத் திரும்பினார். 1922இல் ஒப்பமிடப்பட்ட அவ்வுடன்படிக்கை பெருங்கப்பல்களுக்கு வைத்த எல்லை பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தலா 525,000 தொன், யப்பானுக்கு 315,000 தொன். இத்தொடரிலும் ஆயுதக் குறைப்பு உடன்படிக்கைகள் வருவதுண்டு. ஆயின் அங்கு அவை ஆடுபவனின் கப்பலை உடைக்கும் தொல்லைகள். ஒரு தேசத்துக்கு மூச்சுவிட இடமளித்த தருணம் அது என்பதை உணர்த்த எதிர்த்தட்டில் ஏதேனும் இருக்க வேண்டுமே! அங்கு பாடசாலையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை, அரிசியும் இல்லை. 1909இல் பிரித்தானியாவை உலுக்கிய வரவு செலவுத் திட்டம் போர்க்கப்பலுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் ஒருசேரப் பணம் தேட வேண்டியிருந்ததன் விளைவு. கட்டிய கப்பலின் முழு விலை, கட்டாமல் விட்டவற்றையும் எண்ணும்போதே தெரியவரும்.

கடலுக்கு அப்பால்

மூன்றாவதும் முதன்மையானதுமான குறை கரையில் உள்ளது. நேர்மையாக ஒன்றை ஏற்க வேண்டும். இத்தொடரில் முற்றுகை உண்டு. முற்றுகையுற்ற நாட்டில் அமைதியின்மை ஏறும். அது முற்றினால் அரசே கவிழும். 1918இன் ஜேர்மனியைக் கண்முன் நிறுத்தி அமைத்த விதி இது எனலாம். பாராட்டத்தக்கதே. ஆயின் அவ்வமைதியின்மை ஓர் எண் மாத்திரமே. அதற்குப் பசியில்லை. முதல் உலகப்போரில் ஜேர்மனி மீதான முற்றுகை போர் ஓய்ந்த பின்னரும் 1919 யூலை வரை நீக்கப்படவில்லை. அதனால் மாண்ட குடிமக்களின் தொகையை நான்கு இலட்சத்திற்கும் ஏழரை இலட்சத்திற்கும் இடையே வெவ்வேறு கணிப்புகள் வைக்கின்றன. அரசைக் கவிழ்த்ததனால் மட்டுமே அம்மரணங்கள் கணக்கில் வருமாயின், அரசைக் கவிழ்க்காத மரணங்களின் கதி யாது?

இவ்வினாவுக்கு விடை வங்காளத்தில் உண்டு. 1942 ஏப்பிரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் யப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டமையை நாம் அறிவோம். ‘ஹெர்மீஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேருடன் மூழ்கியது. இவையாவும் இத்தகைய ஆட்டமொன்று எளிதில் கணிக்கக்கூடிய நிகழ்ச்சிகள்: ஒரு விமானந்தாங்கி, இரு குறூசர்கள், சில சிறு கப்பல்கள். அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் ஓசாவாவின் பிரிவு இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. அதனையும் ஆட்டம் கணித்துவிடும்.

கணிக்க முடியாதது அதன் பின்னர் நிகழ்ந்தது. எதிரி கரையிறங்கினால் அவனுக்குப் பயன்படலாகாது என்ற பெயரில், வங்காளத்தின் கரையோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றத்தக்க நாட்டுப் படகுகளைப் பறிக்கவும் அழிக்கவும் பிரித்தானிய ஆட்சி கட்டளையிட்டது. ஏறத்தாழ 45,000 படகுகள் மக்களின் கையிலிருந்து அகன்றன. வங்காளத்தின் அக்கழிமுகப் பூமியில் படகே வண்டி, படகே சந்தை, மீனவனுக்கும் குயவனுக்கும் அதுவே கைத்தொழிற் கருவி. அடுத்த ஆண்டு பஞ்சம் வந்தது. பஞ்சத்துக்குப் படகுப் பறிப்பு மட்டுமே காரணமன்று. பர்மா வீழ்ந்து அரிசி நின்றமை, போர்க்காலப் பணவீக்கம், 1942 ஒக்டோபர்ச் சூறாவளி, ஆட்சியினரின் அலட்சியம் ஆகிய அனைத்தும் சேர்ந்தன. உணவு இருந்தும் அதனைப் பெறும் வலிமையை மக்கள் இழந்தமையே பஞ்சத்தின் உள்ளுறை என்பதை அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மாண்டோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் எனப் பலர் மதிப்பிடுவர்.

ஒரு கடற்போரின் விளைவு இது. அப்போரில் மூழ்கிய போர்க்கப்பல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவை ஒவ்வொன்றின் பெயரும் நூல்களில் உண்டு. நாற்பத்தையாயிரம் படகுகளுக்குப் பெயரில்லை. கணக்கும் இல்லை. அப்படகுகளை இழந்தோர் எந்த அரசையும் கவிழ்க்கவில்லை. ஆகவே ஆட்டத்தின் மொழியில் ஒன்றுமே நிகழவில்லை.

இது தொலைதூரத்துக் கதையன்று. அன்று இலங்கை இறக்குமதி செய்த அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தே வந்தது. பர்மா வீழ்ந்த 1942இல் இங்கும் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் ஏற்றிய கப்பல்கள் கொழும்புக் கடலில் பணத்துக்காகக் காத்துக் கிடக்க, நாம் கரையில் வரிசையில் நின்றோம். கப்பலுக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அவ்வரிசையில் நின்ற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தின் மையத்தில் இருப்பவனுக்குக் கடல் என்பது வழி. ஓரத்தில் இருப்பவனுக்கு அது உலைவாய்.

1970 வரை காலத்தை நீட்டியவர்கள் இன்னொரு சிக்கலையும் தாமே வரவழைத்துக்கொண்டுள்ளனர். அவ்வெல்லைக்குள் 1946இன் பம்பாயும் 1956இன் சூயசும், திருகோணமலைத் தளம் இலங்கையின் கைக்கு வந்த 1957உம் அடங்கும். குடியேற்ற நாட்டை ஓர் உடைமையாக, கப்பல் தங்கும் தளமாகக் கொள்ளும் பார்வை 1900இல் ஆள்வோரின் பார்வை. அப்பார்வையை 1957க்கும் கொண்டு சென்றால் ஒரு மக்கள் கூட்டத்தின் விடுதலை, ஆடுபவனின் கணக்கில் ஒரு தளத்தின் இழப்பாக மட்டுமே பதிவாகும்.

எதிர்வாதங்கள்

இவற்றுக்கு எழக்கூடிய மறுப்புகளை நோக்குவோம். ஆடுபவன் கடற்படைத் தலைவன். தலைவன் அறியாததை ஆட்டம் ஏன் காட்ட வேண்டும் என்பர் சிலர். தலைவர்கள் அறிந்தே இருந்தனர். கத்தோ அறிந்தார், அறிந்ததனாலேயே ஒப்பமிட்டார். அறிய மறுத்த ஜேர்மன் தளபதிகளோ தம் கப்பற்றொகுதியை ஒரே வாரத்தில் இழந்தனர். அறியாமை தலைவனின் பாத்திரப் பண்பாயின் அதற்குரிய தண்டனையும் ஆட்டத்தில் இருக்க வேண்டும்.

சிறு குழுவொன்று ஆக்கும் ஆட்டத்திடம் இத்தனையும் கேட்பது நியாயமா என்பர் வேறு சிலர். முப்பரிமாணக் கப்பல்களைக் கேட்போரிடம் இவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை. நான் கேட்பது காட்சியன்று, கணக்கு. இத்தொடரின் வலிமையே கணக்கில்தான் உள்ளது. கப்பலின் மனநிலைக்கு ஓர் எண். அதனை உணவும் ஊதியமும் தண்டனையும் உயர்த்தித் தாழ்த்தும் விதி. வரவு செலவில் ஒதுக்கப்படாதவற்றுக்கு ஒரு நிரல். தளமாகக் கொண்ட நாட்டின் அரிசிக்கும் படகுக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் ஒரு பக்கம். ஏவுகணை யுகத்தைக் கட்டி முடித்தவர்களால் இவற்றைக் கட்ட முடியாதென்று நான் நம்பவில்லை.

இன்பம் கெட்டுவிடும் என்பது கடைசி வாதம். வேகத்தைக் கூட்டினால் கவசம் குறையும் என்ற தடையே இவ்வாட்டத்தின் இன்பம். தடை கூடினால் இன்பம் கூடுமேயன்றிக் குறையாது. மாறாக, எதிர்ப்பேயற்ற ஆட்டத்தில் வெல்வதில் எவருக்கும் சுவையில்லை. மாலுமியின் பசியையும் மீனவப் பெண்ணின் கோபத்தையும் எதிர்கொண்டு ஒரு கடற்படையை நடத்துவது, அவையில்லாத உலகில் நடத்துவதிலும் கடினமானது. கடினமானதைத் தேடித்தானே இவ்வாட்டத்துக்கு வருகிறோம்?

மறுபுறத்தில், இவ்வாட்டங்களை முற்றாக ஒதுக்கவேண்டும் எனக் கூறும் முற்போக்கு நண்பர்களோடும் நான் உடன்படவில்லை. ஆள்வோரின் கணக்கேட்டைத் தீயிலிடுவதால் அதன் பொய் அழிவதில்லை. அதனைத் திறந்து, விடுபட்ட வரிகளை எழுதுவதே நம் வேலை. ஆட்டத்தை ஆக்குவோர் இதனைச் செய்யாவிடில், வரலாற்றையும் கணினியியலையும் கற்கும் நம் மாணவர்கள் கூடிச் செய்யட்டும். எமது பீடத்துக்கும் அவர்களது பீடத்துக்கும் இடையே இருப்பது ஒரு வீதி மாத்திரமே.

இன்றும் நான் அவ்வாட்டத்தை ஆடுகிறேன்; மறைப்பதற்கில்லை. ஆயின் ஒவ்வொரு மாதமும் பணம் வந்து விழும்போது உவோசுக் கரையில் நின்ற பெண்கள் நினைவில் எழுகின்றனர். ஆட்டம் அவர்களை இன்னும் எனக்குக் காட்டவில்லை. நூலகமே காட்டிற்று. அடுத்த ஆட்டம் வெளிவரும் நாளில், அது எத்தனை ஆண்டுகளை உள்ளடக்கியது என்று நான் கேட்கப் போவதில்லை. படகுகளை எண்ணியிருக்கிறதா என்றே கேட்பேன்.